வேதாசலம் தம் ராணியைப் பலிகொடுத்த காதை

அறுபத்து நான்கு கட்டம் கொண்ட அமர்க்களத்தில், குருதி ஒரு துளியும் சிந்தாது கொலை புரிந்தும், குதிரை ஒரு முறையும் கனையாது செருச் செய்தும் வாழும் சதுரங்க மறவர் குலத்துத் தோன்றலே. நெடுங்கரை ஏரி சூழ்ந்த உத்திரமேரூரின் ஏந்தலே. யூரியா மூட்டைகள் மலையென அடுக்கிய கிடங்கின் காவலனே. வலக்காது தாங்கும் கம்பியை வெண்ணூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி அணிந்த அண்ணலே. வேதாசலனே, நீ வாழி. நின் பெரும்போரை உரைக்கப் புகும் இவ்வெளிய எழுத்தில் குறை காணின் சான்றோர் பொறுத்தருள்க. மிகை காணின், அது எழுத்தின் பிழையன்று, நாயகனின் பெருமையே என்று கொண்டருள்க.

நாயகரின் தொழிலை முதற்கண் கூறுதல் தகும். ஏனெனில் அவருக்கு நேர்ந்தவை யாவும் அதன் வழியே நேர்ந்தன. பேருந்து நிலையத்திற்கு அருகிலுள்ள கூட்டுறவுச் சங்க உரக்கிடங்கில் அவர் எழுத்தர். உழவர் ஒருவர் வந்து நின்று மூன்று மூட்டை பொட்டாஷ் என்பார். வேதாசலம் சீட்டில் ‘பொட்டாஷ் மூன்று’ என்று முத்துப்போல் எழுதி, அடிக்கோடிட்டு, கிழித்து நீட்டுவார். நீட்டிய மாத்திரத்தில், குன்றைப் பெயர்க்கும் தோளினராகிய செங்கேணி என்னும் சுமைதூக்கும் தொழிலாளி, அம்மூட்டைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிடுவார். எழுதுவது வேதாசலத்தின் வேலை. தூக்குவது செங்கேணியின் வேலை. பதினேழு ஆண்டுகளில் வேதாசலம் எழுதிய எந்த மூட்டையும் எழுதிய இடத்தில் நின்றதில்லை. ஆகவே, எழுதப்பட்டது நகர்ந்தே தீரும் என்னும் மெய்ஞ்ஞானம் அவருடைய எலும்புக்குள் இறங்கியிருந்தது.

இனி, பகைவரைப் பாடுவோம். பழங்காலத்து மன்னர்க்கு வெண்கொற்றக் குடை ஒன்றே உண்டு. உத்திரமேரூர்க் கடைத்தெருவின் பீர் முகம்மதுவுக்கோ நூற்றிருபது கருங்குடைகள் உண்டு, அவையனைத்தும் விற்பனைக்கு. குடைகளுக்கு அடியிலும், தகரப் பெட்டிகளுக்கு நடுவிலும், தோள்பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும் தோரணத்தின் கீழும் வீற்றிருக்கும் அக்குடைநிழற் கோமான், வாடிக்கையாளர் இல்லாத வேளைகளில் ஒரு குடைக்கம்பியால் தரையில் கட்டம் கீறிச் சிந்திப்பவர். வாடிக்கையாளர் இருக்கும் வேளைகளிலும் அதையே செய்பவர்.

இவ்விருவரும் வலிமையில் எத்தகையோர் எனின், ஒரே மாட்டின் இரு கொம்புகள் அன்னர். ஒரே ஏற்றத்தின் இரு முனைகள் அன்னர். ஒருவர் தாழ்ந்தால் மற்றவர் உயர வேண்டுமே என்று கேட்பீராயின், அந்த ஏற்றம் நடுவில் துருப்பிடித்து ஒன்பது ஆண்டுகளாக ஒரே கிடையில் நின்றது என்று அறிக. தாமலில் நடந்த போட்டியில் மோதினர், சமன். ஏனாத்தூரில் மாணாக்கர் கூடி நின்று பார்க்க மோதினர், சமன். காஞ்சிபுரத்தில் மின்தடையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், எந்தக் காய் எவருடையது என்று தெரியாத நிலையிலும் மோதினர், அப்போதும் சமன். ஆக முப்பத்தோரு போர்கள், முப்பத்தோரு கைகுலுக்கல்கள், முப்பத்தோரு முறையும் ஒரே பேருந்தில் ஒரே இருக்கையில் திரும்புதல். காரணம் ஆராய்ந்தோர், இருவருக்கும் வாள் இருந்தது, வீசும் எண்ணம் இருவருக்கும் இல்லை என்றனர். வேதாசலம் தம் சிப்பாய்களைக் கூடப் பிரிய மனமில்லாதவர். ராணியைப் பலியிட்டு வெற்றி பெறும் வீரர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கும்போது, முன்பின் அறியாத அந்த ராணிக்காக அவர் சற்று வருந்துவார்.

இந்நிலையில்தான் அந்த ஆடி மாதத்து வியாழக்கிழமை மாலை, நாயகரின் வாழ்க்கைத் துணைவியார் சுலோச்சனா, ரசத்துக்குக் கடுகு தாளித்தபடியே தம் பேரறிக்கையை வெளியிட்டார்.

“ஒம்பது வருசமா அந்த பாய் கூட ஆடிக்கினு கீறீங்க. ஒரு தபா ஜெயிச்சுக்கீறீங்களா? சரி, ஒரு தபா தோத்தாவது கீறீங்களா? தோத்துட்டு வந்தா மனுசனுக்கு ஒரு துக்கம் கீதேன்னு சூடா ஒரு காபி போட்டுக் குடுக்கலாம். டிராவாம் டிராவு. அதுக்கு நான் இன்னாத்த சமைக்கிறது?”

சமனுக்கு ஏற்ற உணவு யாது என்பதை வேதாசலம் உண்மையிலேயே எண்ணிப் பார்த்தார்.

“சனிக்கிழமை போட்டியில ஜெயிச்சிட்டு வாங்க, ஞாயித்துக்கிழமைல ஆடிக்கினே இருங்க, நான் வாயே தொறக்கல. இல்லன்னா அந்த அட்டையை பரண் மேல போட்டுட்டு, வாரா வாரம் எங்கூட மாகறலுக்கு வந்து, எங்க நைனா சொல்றதைக் கேட்டுக்கினு குந்துங்க.”

கேட்டதும் நாயகரின் நெஞ்சு, கதவிடுக்கில் அகப்பட்ட பல்லியின் வாலெனத் துடித்தது. ஏனெனில் மாகறலில் வாழும் மாமனார், எண்பத்து நான்காம் ஆண்டில் இருநூற்றுப் பன்னிரண்டு அடி ஆழத்திற்கு ஆழ்துளைக் கிணறு தோண்டியவர். தோண்டியதோடு அமையாது அதைச் சொல்பவர். அடிக்கு ஒரு கிளைக்கதையாக, பாறை வந்த இடத்தில் பெருமூச்சும் ஈரம் கண்ட இடத்தில் கண்ணீருமாக, அவர் சொல்லும் அக்கிணற்றுப் பெருங்கதையை வேதாசலம் இதுவரை எண்பது அடி வரைக்கும்தான் கேட்டிருந்தார். மீதி நூற்று முப்பத்திரண்டு அடியும், இறுதியில் தண்ணீர் உப்பு என்று முடியும் சோகமும், அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்காகக் காத்துக் கிடந்தன.

“சரி, ஜெயிக்கிறேன்” என்றார் வேதாசலம். உலகம் நடுங்கிற்று என்று சொல்ல ஆசைதான், ரசம்தான் பொங்கிற்று.

ஆடியில் திருமணம் இல்லை. திருமணம் இல்லாத மாதத்தில் மண்டபம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் மண்டபத்தில் சதுரங்கப் போட்டி நடத்துவது அவ்வூர்ச் சதுரங்கக் கழகத்தின் வழக்கம். மணமக்கள் அமரும் மேடையில் முதற் பலகை இடப்படும். அதற்கு மட்டுமே இரட்டைக் கடிகாரம் உண்டு. மரப்பெட்டிக்குள் இரு முகங்கள், தலைமேல் இரு பொத்தான்கள்; காயை நகர்த்தியவர் தம் பொத்தானை அழுத்தினால் அவருடைய காலம் நின்று எதிராளியின் காலம் ஓடும்; காலம் தீர்ந்தவரின் முகத்தில் செங்கொடி ஒன்று சொத்தென விழும், விழுந்தால் தோல்வி. மேலும், குடவோலை இட்டு ஊராட்சி நடத்திய பெருமை கல்லில் எழுதிய ஊர் ஆகையால், வெள்ளைக் காய் எவர்க்கு என்பதையும் அவர்கள் நாணயம் சுண்டித் தீர்மானிப்பதில்லை. எவர்சில்வர்க் குடம் ஒன்றில் இரு சீட்டுகள் இட்டு, குலுக்கி எடுப்பர்.

சனிக்கிழமை, இறுதிச் சுற்று. ஐந்து சுற்றுகளிலும் பிறரை எல்லாம் வீழ்த்தி, புள்ளியில் சற்றும் ஏறாமல் குறையாமல் சமமாக வந்து நின்ற இருவர் எவர் என்று சொல்லவும் வேண்டுமோ? நடுவராகிய ஏகாம்பரம், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றும் கழுத்து ஊதலைக் கழற்றாதவர், குடத்தைக் குலுக்கினார். வெள்ளை வேதாசலத்திற்கு வந்தது.

“இன்னா பாய், இன்னைக்காவது முடிப்பீங்களா, இல்ல கூழ் ஊத்தற நேரத்துக்கு டிராவா?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“கூழு ஊத்தினா சொல்லு, நானே எழுந்து வந்துடறேன்” என்றார் பீர் முகம்மது, தம் வெண்தொப்பியைச் சரிசெய்தபடி.

ஏகாம்பரம் ஊதினார். போர் மூண்டது.

மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி போர்முரசாய் அதிர, மேற்கூரை மின்விசிறி கவரியாய் வீச, வெள்ளைச் சிப்பாய் ஒருவன் அரசனின் முன்னிருந்து இரண்டு கட்டம் தாவி நின்றான். அவனை எதிர்த்து, அதே கணத்தில் பிறந்த இரட்டையன்போல், கருஞ்சிப்பாய் ஒருவன் மூக்கோடு மூக்கு முட்டி நின்றான். குதிரைகள் சுவரேறிக் குதித்தன. மந்திரிகள் குறுக்குச் சந்துகளில் ஒளிந்து ஒற்று நோக்கினர். யானைகள், கொட்டிலை விட்டு வர மனமில்லாத கோயில் யானைகள்போல், மூலையிலேயே அசைந்தன. முதல் ஒரு நாழிகை, ஒருவர் செய்ததை மற்றவர் செய்ய, கண்ணாடியோடு சண்டையிடும் சிட்டுக்குருவியைப் பார்ப்பதுபோல் கூட்டம் பார்த்தது. பின்னர் ஒவ்வொருவராய்க் கொட்டாவி விட்டுப் படியிறங்கியது. கிடங்கைப் பூட்டிவிட்டு வந்த செங்கேணி மட்டும், சதுரங்கம் ஒரு சிறிதும் அறியாதவர் எனினும், தம் எழுத்தரின்மேல் கொண்ட அன்பினால், தூணோடு தூணாய் நின்றார்.

இருபத்தெட்டாம் நகர்வில் பீர் முகம்மது தம் குதிரையைக் காவலினின்று ஒரு கட்டம் அப்பால் மேயவிட்டார். அவ்வளவே. ஓர் அங்குலம் அசைந்த மதகுப் பலகை. ஆனால் வேதாசலம் அதன் வழியே ஏரி முழுவதையும் கண்டார்.

கண்டது யாதெனின்: தம் ராணி பாய்ந்து, கருப்பு அரசனின் வாசற்காவலனாகிய சிப்பாயை வெட்டி, அரசனின் மடியிலேயே விழலாம். அரசன் அவளை வெட்டியே ஆகவேண்டும். வெட்டினால், ஓரத்தெருவில் தம் யானை இறங்கும்; குறுக்குச் சந்தைத் தம் மந்திரி அடைப்பார்; நான்காம் நகர்வில் கருப்பு அரசனுக்கு நிற்கவும் இடமில்லை, ஓடவும் வழியில்லை. வெற்றி. ஆனால் விலை ராணி. கணக்கில் ஒரு நூலிழை பிசகினால், ராணியும் போய், வெற்றியும் போய், ஞாயிற்றுக்கிழமையும் போய், நூற்று முப்பத்திரண்டு அடி பாறை.

அவருடைய கடிகாரத்தில் ஆறு நிமிடங்களே எஞ்சியிருந்தன. பீர் முகம்மதுவின் கடிகாரத்தில் பதினான்கு. மூக்குக்கண்ணாடி வழுக்கி மூக்கின் நுனிக்கு இறங்கியது. அப்போது, ஒன்பது ஆண்டுகள் உறையில் உறங்கிய ஏதோ ஒன்று அவருக்குள் எழுந்தது. கடுகு வெடிக்கும் ஓசை காதில் கேட்டது. “ஆகட்டும்” என்று உள்ளம் சொல்லிற்று.

நகர்வுகளைக் குறிக்கும் ஆட்டத்தாளில் முதலில் எழுதி, எழுதியதை ஒருமுறை நோக்கி, பின்னரே காயைத் தொடுவது அவர் வழக்கம். எழுதாமல் எதுவும் நகரக் கூடாது என்பது கிடங்கின் சட்டம். ஆகவே பேனாவை எடுத்தார். ஆட்டத்தாளின் இருபத்தொன்பதாம் வரியில், ராணி அந்தச் சிப்பாய் நின்ற எச் ஏழு என்னும் கட்டத்துக்குப் போவதாக, முத்துப்போல் எழுதினார். எழுதியது போதாமல், மாபெரும் நகர்வுகளுக்குப் பிற்காலத்தார் இடும் இரட்டை ஆச்சரியக்குறியையும் தாமே இட்டார். இட்டபின் அடிக்கோடிட்டார். பின்னர், ஊழித்தீயை ஊதி அணைத்தவர்போல் நெடுமூச்சு விட்டு, கடிகாரத்தின் பொத்தானை ஓங்கி அழுத்தினார். எழுந்தார்.

ராணி மட்டும் எழவில்லை.

தன் பழைய கட்டத்தில், அரசனுக்குப் பக்கத்தில், பலிகொடுக்கப்பட்ட செய்தி ஏதும் அறியாதவளாய், பாவம், நின்றுகொண்டிருந்தாள்.

நாயகர் திரும்பிப் பாராமல் படியிறங்கினார். காயை வைத்துவிட்டு எழுந்து உலாவுவது போட்டியாளர்க்கு உரிய உரிமை. ஆயினும் முப்பத்தோரு போரிலும் அவர் அதைப் பயன்படுத்தியதில்லை. இன்றோ, பட்டத்து யானை வீதியுலா வருவதுபோல் மண்டபத்து வாயிலைக் கடந்தார். எதிரிலிருந்த டீக்கடையில் டீ வாங்கினார். கூடவே ஒரு மசால்வடையும் வாங்கினார், அதுவும் தமக்கல்ல, பின்தொடர்ந்து வந்த செங்கேணிக்கு.

“இன்னா சார், முடிஞ்சிதா?”

“முடிஞ்சுது செங்கேணி. ராணியைக் குடுத்துட்டேன்.”

செங்கேணியின் வாயில் வடை நின்றது. “குடுத்துட்டியா? ராணின்னா பெரிய காயாச்சே சார்.”

“பெரிய காயைக் குடுத்தாதான் பெரிய ஜெயம். இன்னும் நாலு நகர்வுல பாய் எழுந்துடுவாரு. நீ ஒண்ணு பண்ணு, எங்க வூட்டாண்ட போயி அம்மா கிட்ட சொல்லிடு.”

“ஜெயிச்சிட்டேன்னு சொல்லட்டா, ஜெயிக்கப்போறேன்னு சொல்லட்டா?”

வேதாசலம் ஒரு கணம் தயங்கினார். வாழ்நாள் முழுதும் தயங்கியவர்க்கு அது பழக்கம். பின்னர், தாம் இன்று வேறு மனிதர் என்பது நினைவுக்கு வந்தது. “ஜெயிச்சிட்டேன்னே சொல்லு.”

செங்கேணி மிதிவண்டியில் ஏறினார். வெற்றித் தூது காற்றெனப் பறந்தது. நாயகர் டீயை மிடறு மிடறாகப் பருகினார். இன்னும் ஒரு டீ சொன்னார். உள்ளே பகைவர் துடிக்கட்டும். இனிவரும் ஞாயிற்றுக்கிழமைகள் யாவும், ஏரி மதகு திறந்ததும் வரிசையாய் நனையும் வயல்கள்போல், ஒன்றன்பின் ஒன்றாய் அவர் கண்முன் விரிந்தன. அவற்றில் ஒன்றிலும் ஆழ்துளைக் கிணறு இல்லை.

பதினொரு நிமிடம் கழித்து அவர் மேடையேறினார்.

பீர் முகம்மது கண்களை மூடி, ஆற்றங்கரைக் கல்லைப்போல் அமர்ந்திருந்தார். காலடி ஓசை கேட்டுக் கண் திறந்தார். வலக்கையை மெல்ல உயர்த்தினார். அக்கணம் வேதாசலம் பலகையை நோக்கினார். ராணி. இருந்த இடத்திலேயே ராணி. கால் நகம் கூட அசையாத ராணி.

வானம் இடிந்து தலையில் விழுந்தாலும் விழுந்தவன் பேசாமல் இருந்துவிடலாம். நம் நாயகரோ நாணயத்தில் நெருப்பு. சீட்டில் மூன்று என்று எழுதி, மூட்டை இரண்டு போயிருந்தால், அடுத்த ஊர் வரை ஓடிக் கொடுத்துவிட்டு வருபவர். வாய் அவரைக் கேளாமலே திறந்தது.

“ஐயா, ஏகாம்பரம் சார், தப்பாயிடுச்சு. எழுதிட்டேன், கடிகாரத்தை அழுத்திட்டேன், காயை வைக்கல.”

பாதி உயர்ந்திருந்த பீர் முகம்மதுவின் கை, வந்த வழியை மறந்து, தொப்பியைத் தொட்டுவிட்டு இறங்கியது.

ஏகாம்பரம் வந்தார். இருவருடைய ஆட்டத்தாள்களையும் வாங்கி, சூரிய கிரகணத்தைப் பார்ப்பவர்போல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். வேதாசலத்தின் தாளில் இருபத்தொன்பதாம் வரியில் ராணி எச் ஏழு, இரட்டை ஆச்சரியக்குறி. பீர் முகம்மதுவின் தாளிலும் இருபத்தொன்பதாம் வரியில் ராணி எச் ஏழு. இரட்டை ஆச்சரியக்குறியும் அப்படியே.

“ரெண்டு பேரும் எழுதிக்கீறீங்க” என்றார் ஏகாம்பரம். “ராணிக்கு மட்டும் யாரும் சொல்லல.”

பின்னர், ஊதலை ஒருமுறை தடவிக்கொண்டு, தீர்ப்புரைத்தார். காய் நகராதபோது ஓடியிருக்க வேண்டிய காலம் வேதாசலத்துடையது. ஓடியிருந்தால் ஆறாம் நிமிடத்திலேயே அவர் கொடி விழுந்திருக்கும். ஆதலால் ஆட்டம் தமக்கே என்று பாய் கேட்பாராயின், அது நியாயம்.

நாயகரின் முகம் சுண்ணாம்பாயிற்று. ஒலிபெருக்கியும் அப்போது பார்த்து நின்றது.

“வுடு சார்” என்றார் பீர் முகம்மது. “டீ குடிக்கப் போன மனுசன் தலை மேல கொடி வுழலாமா? பேஜாரு. இருக்கிற டைமைக் குடுங்க, வைக்கட்டும்.”

நடுவர் கடிகார முட்களைத் திருகினார். பதினொரு நிமிடத்தைக் கருப்புக்குத் திருப்பிக் கொடுத்தார். தண்டமாக வெள்ளைக்கு மூன்று நிமிடம் மட்டும் விட்டார். “நகர்த்துங்க. இந்த தபா கையால.”

இதோ, விதி தன் பரிசை இரண்டாம் முறை தட்டில் வைத்து நீட்டியது. ராணி அங்கே, சிப்பாய் இங்கே, கை நீண்டால் வெற்றி. வேதாசலத்தின் கை நீண்டது. ராணியின் தலைக்குமேல் ஒரு விரற்கடை தூரத்தில், இரைகண்ட பருந்தென நின்றது.

நின்றது, விழவில்லை. ஏனெனில் நாயகர் சிந்திக்கத் தொடங்கிவிட்டார்.

பாய் ஏன் வழக்காடவில்லை? வெற்றியை இலையில் பரிமாறியும் ஏன் கைகழுவினார்? நகர்வை அவர் கண்டிருக்கிறார். தம் தாளிலேயே எழுதியும் இருக்கிறார். பதினொரு நிமிடம் அதை ஆராய்ந்தும் இருக்கிறார். அழிவு என்று கண்டிருந்தால் சரணடைந்திருப்பார். சரணடையவில்லை. கண்மூடித் தவம்போல் அமர்ந்திருந்தார். எனவே மாற்று ஒன்று கண்டுவிட்டார். ராணியை நான் கொடுக்க வேண்டும் என்றே காத்திருக்கிறார். அந்தத் தாராளம் தாராளமன்று, தூண்டில். அந்த அமைதி அமைதியன்று, கண்ணி. பார், முகத்தில் தெளிவு எப்படி! சற்றுமுன் கையை உயர்த்தியது கூட, பொறு, அவசரப்படாதே, விழுவாய் என்ற ஏளனம் அன்றோ?

கூர்ந்து பார்க்கப் பார்க்க, இல்லாத குதிரைகள் பலகையெங்கும் மேய்ந்தன. அடைபட்ட சந்துகளில் எல்லாம் கருப்பு அரசன் குடை பிடித்து உலாவினான். டீக்கடை வரைக்கும் பட்டத்து யானையாய் நடந்த அந்த வீரம், எழுதுகோலுக்கு வந்த வீரமே அன்றிக் கைக்கு வந்த வீரம் அன்று; தாளோடு வந்தது தாளோடு நின்றது. தூணைத் திரும்பிப் பார்த்தார். எழுதியதைத் தூக்குகிற தோள்கள் அங்கே இல்லை. அவை தூது போயிருந்தன.

ஒரு நிமிடம் எஞ்சியது. வேதாசலத்தின் விரல்கள் ராணியைப் பற்றின. பற்றி, எச் ஏழுக்கு அல்ல, பக்கத்தில் பாதுகாப்பான ஒரு கட்டத்தில் வைத்து, “செக்” என்றார். கருப்பு அரசன் ஒதுங்கினான். ராணி மறுபுறம் சென்று, “செக்.” அரசன் திரும்பி வந்தான். மீண்டும் ராணி, மீண்டும் அரசன். ஒரே வாசலைச் சுற்றி ஒளிந்து விளையாடும் இருவர்போல், அதே நிலை மூன்றாம் முறை வந்தது. மூன்றாம் முறை வந்தால் யாதென்பதை, அம்மண்டபத்தில் வேதாசலத்தைக் காட்டிலும் நன்கறிந்தவர் பீர் முகம்மது ஒருவரே.

ஏகாம்பரம் தாளில் எழுதினார்: முப்பத்திரண்டாவது சமன். எழுதியதும் தாள் மேசையிலிருந்து தானாக நகரவில்லை. அவரே எடுத்துப் போனார்.

கைகுலுக்கினர். பின்னர், போர் முடிந்த களத்தில் பிணங்களை எழுப்பி வைத்து மீண்டும் ஆராய்வது சதுரங்கத்தார் மரபாகையால், காய்களைப் பழைய நிலையில் அடுக்கினர்.

“ராணியைக் குடுத்திருந்தா இன்னா வெச்சிருந்தீங்க பாய்?” என்றார் வேதாசலம். “என்னமோ மாத்து பார்த்து வெச்சிருந்தீங்களே.”

“மாத்தா? இன்னா மாத்து?” பீர் முகம்மது தாமே ராணியை எடுத்து எச் ஏழில் வைத்தார். அரசனால் வெட்டினார். யானையை இறக்கினார். மந்திரியைக் காட்டினார். “இதோ, செத்தேன். உன் தாள்ல பார்த்தேன், எழுதிக்கினேன், முடிஞ்சிதுன்னு கண்ணை மூடிக்கினேன். போர்டை யாருப்பா பார்த்தா?”

“அப்ப ஏன் ஒத்துக்கல? பதினொரு நிமிசம்?”

“நீ எங்கே கீறே? காலி நாற்காலி கிட்ட தோத்துட்டேன்னு சொல்றதா? நீ டீயைக் குடிச்சிட்டு வா, கை குடுக்கலாம்னு குந்திக்கினு இருந்தேன். வந்தே; கையைத் தூக்கினேன். நீ அதுக்குள்ள ஏகாம்பரத்தைக் கூப்புட்டுட்டே.”

“கொடி விழுந்ததுன்னு கேட்டிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்களே பாய்.”

“செத்தவன் எதுக்குப்பா கேஸ் போடணும்?”

நாயகர் பலகையை நோக்கினார். கருப்பு அரசன் ஓரத்தெருவில், நாற்புறமும் அடைபட்டு, ஐயத்திற்குச் சற்றும் இடமின்றி மாண்டு கிடந்தான். அதைவிட அழகான மரணம் அந்த மண்டபத்தில் அதற்குமுன் நிகழ்ந்ததில்லை, அன்றும் நிகழவில்லை.

வாயிலில் செங்கேணி எதிர்ப்பட்டார், செய்தி கேட்டார், தலை குனிந்தார். “நான் இங்கியே இருந்திருக்கணும் சார்” என்றார். “நீ எழுதினதும் நான் தூக்கி வெச்சிருப்பேன்.”

வீட்டில் நெய்மணம் தெருமுனை வரை வந்து வீரரை எதிர்கொண்டது. சுலோச்சனா கேசரி கிளறியிருந்தார். முந்திரி கூடப் போட்டிருந்தார். வேதாசலம் அமர்ந்தார். தட்டு வந்தது. அவர் தொடவில்லை.

“ஜெயிச்சிட்டீங்கன்னு செங்கேணி சொல்லிச்சே.”

“எழுதிட்டேன். வைக்கல.”

“இன்னாத்த வைக்கல?”

“ராணியை.”

ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாகத் தம் கணவர் சமனில் முடித்துவிட்டுத் தோற்றவர்போல் வந்து உட்கார்ந்திருப்பதைச் சுலோச்சனா கண்டார். “கேசரி ஆறிடும், துன்னுங்க” என்றார். பின்னர், தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தபடி, சற்றே தணிந்த குரலில், “நாளைக்கு நீங்களும் வர்றீங்கன்னு நைனாவுக்கு நேத்தே சொல்லி அனுப்பிட்டேன்” என்றார்.

அவ்விரவு, அறுபத்து நான்கு கட்டங்களும் இரண்டாக மடிய, முப்பத்திரண்டு வீரரும் பழைய பிஸ்கட் டப்பாவில் ஒடுங்க, தன் நாயகனால் தாளில் கொல்லப்பட்டும் பலகையில் காக்கப்பட்டும் மாண்டவளோ வாழ்ந்தவளோ என்று அறியப்படாத அந்த வெள்ளை ராணி கருப்பு அரசனின் தோளில் தலைசாய்ந்து உறங்க, அப்பலகை பரணேறிற்று. ஏறிய பரண் பொழுதோடு இருண்டது. இருள் நீங்கிக் கீழ்வானம் சிவந்து, ஏரிக்கரைப் பனைகளின் உச்சியை ஞாயிறு தன் பொற்கையால் தொட்டு, தன் பெயர்கொண்ட நாளை உலகுக்கு அறிவிக்க, கொக்கினம் எழுந்து பறக்க, மாகறலில் ஒரு முதியவர் எண்பத்தோராம் அடியை நினைவு கூர்ந்து தொண்டையைச் செருமிக்கொள்ள, விதியின் பெருங்கடிகாரத்தில் எவரோ பொத்தானை அழுத்தினார்.

ஏழரை மணி பஸ்ஸில் வேதாசலம் மாமனார் வீட்டுக்குப் போனார்.